கடையில் உண்டு, பட்டியலில் இல்லை: கார் மீட்டரின் உதிரிக் கதை

காரின் மீட்டர் இருண்டுபோனால் சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: முழு செட்டையும் மாற்ற வேண்டும். வேகம், பெட்ரோல் அளவு, இன்ஜின் சூடு, எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் அடங்கிய அந்தப் பெட்டி, கம்பெனியின் பட்டியலில் ஒரே உதிரி. ஒரே எண், ஒரே விலை. திறந்து பார்த்தால் உள்ளே நூற்றுக்கணக்கான பாகங்கள். கெட்டிருப்பது அவற்றில் ஒன்றோ இரண்டோதான். அதுவும் பல சமயம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறையாகவே விற்கிற பாகம். அதை வாங்கிப் போட முடியாமல் செய்வது தட்டுப்பாடு அல்ல. அந்தப் பாகம் எது, அதன் சரியான எண் என்ன என்ற தகவல் கம்பெனியின் வாசலைத் தாண்டி வருவதில்லை. வண்டியை விற்றவர்கள் அந்தத் தகவலையும் தந்தாக வேண்டும். அப்படிக் கேட்க வண்டிக்காரருக்கு முழு உரிமை இருக்கிறது.

அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரை வந்த செவ்ரோலெட் சில்வராடோ, தாஹோ போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் மீட்டர் முள் சிக்கிக்கொள்வது ஊரறிந்த பழுது. வண்டி நிற்கும், வேக முள் மட்டும் பாதி வழியில் நிற்கும். காரணம், ஒவ்வொரு முள்ளுக்கும் பின்னால் இருக்கும், தீப்பெட்டியைவிடச் சிறிய ஸ்டெப்பர் மோட்டார். அதற்குப் பதிலாகப் பொருந்துவது எக்ஸ்27.168 என்ற மோட்டார். ஸ்விட்சர்லாந்தின் ஸ்விடெக் நிறுவனம் வடிவமைத்தது. ஒவ்வொரு அடியிலும் முள்ளை மூன்றில் ஒரு டிகிரி நகர்த்தும். மாற்றும் வேலை இப்படி நடக்கும்: முள்ளை இரு பக்கமும் சமமாக நெம்பித் தூக்க வேண்டும், போர்டின் பின்பக்கம் நாலு கால்களிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சிப் பழைய மோட்டாரைக் கழற்ற வேண்டும், புதியதைப் பற்றவைத்த பிறகு முள்ளை மறுபடி அழுத்த வேண்டும். கடைசி வேலையில்தான் கை நிதானம் தேவை. முள் சற்றே விலகி உட்கார்ந்தாலும் மீட்டர் தவறான வேகத்தைக் காட்டும். ஆனாலும் ஒரு சாதாரண எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் செய்யக்கூடிய வேலைதான் இது. மோட்டாரின் எண் வெளியே தெரிந்ததால், அந்த வண்டிகளுக்கு மீட்டர் சரிசெய்து தருவதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது.

மற்ற மீட்டர்களின் நோய்களும் இதே ரகம்தான். 1990-களின் பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், 7 சீரிஸ் கார்களில் எழுத்துகள் கோடு கோடாக மறைந்துபோகும். எல்சிடி கண்ணாடியையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய ரிப்பன், வெப்பத்தில் ஒட்டு விட்டுப்போவதுதான் காரணம். அதே காலத்து ஜப்பானிய கார்கள் பலவற்றில் கெப்பாசிட்டர்கள் கசிந்து போர்டின் செம்புத் தடங்களை அரித்தன. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு ஒன்று உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டை நினைத்தால், நம் ஊரில் இந்தப் பழுதுகள் குறைய வழியே இல்லை.

சரி, கெட்ட பாகத்தை எப்படித் தேடுவது? கெப்பாசிட்டரானால் அதன் மேலேயே அளவும் வோல்டேஜும் அச்சாகியிருக்கும்; சென்னை ரிச்சி தெருவில் பத்துக் கடை ஏறினால் வாங்கிவிடலாம். கருகிப்போன ரெசிஸ்டரானால் நிலைமை வேறு. அதன் முதுகில் இருந்த எண் எரிந்திருக்கும். சர்க்யூட் வரைபடம் இல்லாமல் அதன் மதிப்பு யாருக்கும் தெரியாது. காசு பெறாத ஒரு ரெசிஸ்டர் முழு மீட்டரையும் முடக்கிவிடும். ஐசிக்களில் இன்னொரு சுவர். கார் போர்டுகளில் உள்ள பல ஐசிக்களின் மேல் சந்தையில் வழங்கும் எண் இருக்காது, போர்டு செய்த நிறுவனத்துக்காகத் தனியாக அச்சிட்ட எண்தான் இருக்கும். பாஷ் போர்டுகளில் 30 என்று தொடங்கும் ஐந்திலக்க எண்களைப் பழுது பார்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள். அந்த எண்ணைக் கொண்டு ஐசி தயாரிப்பாளரின் பட்டியலில் தேடினால் ஒன்றும் வராது. கடைசியில் அவர்கள் செய்வது என்ன? அதே மாடலில் ஸ்கிராப்புக்கு வந்த மீட்டர் ஒன்றை வாங்கி, அதிலிருந்து பாகத்தைப் பிடுங்கிப் போடுகிறார்கள். ஏற்கெனவே அதே அளவு வெயிலில் வெந்த பாகம் அது. வேறு வழி விடாமல் வைத்துவிட்டு, அவர்கள் வேலையைத் தரம் குறைந்தது என்று சொல்வது நேர்மையல்ல.

மின்சாரக் கார்களின் பெரிய திரைகளுக்கும் இது பொருந்தும் என்பதை டெஸ்லா காட்டியது. 2012 முதல் 2018 வரையிலான மாடல் எஸ், 2016 முதல் 2018 வரையிலான மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக் கணினியில் 8 ஜிபி மெமரி சிப் ஒன்று இருந்தது. இந்த வகைச் சிப்பில் இத்தனை தடவைதான் எழுதி அழிக்கலாம் என்ற வரம்பு உண்டு. காரின் மென்பொருள் அதில் ஓயாமல் பதிவுகளை எழுதியதால் சில ஆண்டுகளில் சிப் தேய்ந்தது, திரை இருண்டது, பின்பக்கக் கேமராவும் கண்ணாடிப் பனியை நீக்கும் கட்டுப்பாடும் கூடவே போயின. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு தலையிட, 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்து 64 ஜிபி சிப் கொண்ட சிறு போர்டைப் பொருத்தித் தர டெஸ்லா ஒப்புக்கொண்டது. இந்தச் சிப் தேயும் இயல்புடையது, காரின் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதுதான் நிறுவனம் வைத்த வாதம். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். பிரேக் ஷூவும் தேயும். அதனால்தான் அது தனி உதிரியாக, தனி எண்ணோடு எல்லாக் கடையிலும் விற்கிறது. தேயும் என்று தெரிந்தே வைத்த சிப்புக்கும் அந்த மரியாதை வேண்டாமா?

இந்தத் தகவல்களை வெளியிடுவதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் கனமானது கிலோமீட்டர் மோசடி. ஓடிய தூரம் மீட்டர் போர்டில் எட்டுக் கால் மெமரி சிப் ஒன்றில் பதிந்திருப்பது வழக்கம். வரைபடத்தை வெளியிட்டால் பழைய கார் வியாபாரத்தில் தூரத்தைக் குறைத்துக் காட்டுவது எளிதாகிவிடும் என்கிறார்கள். கவலை நியாயமானது. ஆனால் மோசடி செய்பவனுக்கு வரைபடம் தேவையில்லை. தூரத்தை மாற்றும் கருவிகள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன. தகவலை மறைப்பதால் தடுக்கப்படுபவர் நேர்மையாகப் பழுது பார்ப்பவர் மட்டுமே. அமெரிக்கா 1972-லேயே இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் விடை கண்டது. தூரத்தைத் திருத்துவது குற்றம்; மீட்டரைப் பழுது பார்ப்பதோ மாற்றுவதோ குற்றமல்ல. பழைய தூரத்தையே புதியதிலும் வைக்க முடியாவிட்டால் பூஜ்யத்தில் தொடங்கி, மாற்றிய தேதியையும் அதுவரை ஓடிய தூரத்தையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். கெட்ட நோக்கத்தைத் தண்டிக்கவும் நல்ல வேலைக்கு வழி விடவும் ஒரே சட்டத்தால் முடிந்திருக்கிறது.

அடுத்த ஆட்சேபம் டூப்ளிகேட். வெளியாட்கள் போலி ஐசிக்களைப் போட்டால் உயிருக்கு ஆபத்து என்கிறார்கள். போலி ஐசி உண்மையான ஆபத்துதான்; மின்கழிவிலிருந்து பிடுங்கிய சிப்புகளின் முதுகைத் தேய்த்துப் புது எண் அச்சிட்டு விற்பது பெரிய வணிகம். 2012-ல் அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்புத் தளவாட விநியோகத்திலேயே போலி என்று சந்தேகிக்கப்பட்ட சுமார் 1,800 சம்பவங்களைக் கண்டதாகச் சொன்னது. அங்கே போலி நுழைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், விமானங்களும் கருவிகளும் தங்கள் சிப்புகளின் உற்பத்தி நின்ற பிறகும் நீண்ட காலம் உழைப்பது. காரும் அப்படித்தான். நேர்வழிக் கடை மூடியிருக்கும் இடத்தில்தான் போலி செழிக்கிறது. சரியான எண்ணும், அதை விற்கும் அங்கீகரித்த கடையின் பெயரும் தெரிந்த மெக்கானிக், எங்கிருந்து வந்தது என்று தெரியாத சிப்பை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. உற்பத்தி நின்ற சிப்புகளைத் தயாரிப்பாளர்களின் அனுமதியோடு சேமித்து விற்கும் ராச்செஸ்டர் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் 1980-களிலிருந்தே இயங்குகின்றன.

நம் நாட்டில் சட்டம் பாதி தூரம் வந்து நிற்கிறது. உதிரிகளையும் சோதனைக் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடவில்லை என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அறிவுசார் சொத்துரிமை என்ற நிறுவனங்களின் வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமை இணையதளத்திலும் வாகனங்கள் ஒரு பிரிவாக உண்டு. இவை நல்ல அடிகள். ஆனால் இரண்டிலும் ‘உதிரி’ என்றால் கம்பெனி எதற்கு எண் கொடுத்ததோ அதுதான். முழு மீட்டரையும் ஒரே உதிரியாக எண்ணிட்டு எல்லாக் கடையிலும் விற்றால், உத்தரவு நிறைவேறியதாகிவிடும். உள்ளே இருக்கும் மோட்டாருக்கும் ரிப்பனுக்கும் வழி பிறக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சிலிருந்து டிவிக்கும் மானிட்டருக்கும் வைத்திருக்கும் விதி இன்னும் ஆழமாகப் போகிறது. மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்து குறைந்தது 7 ஆண்டுகளுக்கு, பழுது பார்க்கும் தொழிலாளர்களுக்கு எவை கிடைக்க வேண்டும் என்ற பட்டியலில் கெப்பாசிட்டரும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. வாகனங்கள் அந்த விதியின் வரம்புக்குள் வரவில்லை. கூடத்தில் இருக்கும் திரைக்குக் கிடைத்த உரிமை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

எண் தெரிந்தாலும் தீராத பழுது ஒன்று இருக்கிறது: எல்சிடி கண்ணாடி. 1984-ல் வந்த செவ்ரோலெட் கார்வெட்டின் டிஜிட்டல் மீட்டரைப் போல, அந்த மாடலுக்கென்றே வரைந்த வடிவங்கள் அதில் பதிந்திருக்கும். எந்தக் கடையிலும் அதற்கு மாற்று கிடையாது. கம்பெனி உற்பத்தியை நிறுத்தும்போது கண்ணாடியின் அளவுப் படத்தையும், எந்தக் கால் எந்தக் கோட்டை எரியவைக்கும் என்ற அட்டவணையையும் வெளியிட்டால், சிறு எண்ணிக்கையில் எல்சிடி செய்து தரும் ஆலைகளால் அதை மறுபடி செய்ய முடியும். இந்த ஆவணங்களைப் புதிதாக யாரும் தயாரிக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரின் பிரிக்கால் ஆனாலும் சென்னைக்கு அருகில் ஆலை வைத்திருக்கும் விஸ்டியான் ஆனாலும், ஒரு மீட்டரை உற்பத்திக்கு அனுப்பும் எந்த நிறுவனத்திலும் அவை முதல் நாளே கோப்பில் இருக்கும்.