மாலையைக் கழற்றிய பிறகு

“டீச்சர், எங்கப்பா பழனிக்கு மாலை போட்டா 48 நாளும் தொட மாட்டார். கழட்டுன அன்னைக்கே குடிச்சிட்டு வந்தார். எங்க மேல பாசமே இல்லையா?”

பெயர் எழுதாமல் துண்டுச்சீட்டில் கேள்வி கேட்கச் சொன்னால், எங்கள் மலையடிவாரத்துப் பிள்ளைகளிடமிருந்து இது வராமல் இருக்காது. நான் அறிவியல் டீச்சர். பதிலையும் அறிவியலாகவே சொல்வேன்.

மாலை போட்டவருக்கு அன்றாடமே மாறிவிடுகிறது. விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பஜனை, ஊரெல்லாம் ‘சாமி’ என்ற மரியாதை. கட்டிங்குக்குப் பங்கு கேட்கும் கூட்டாளியே ஒதுங்கிப் போகிறார். மாலையைக் கழற்றியதும் பழைய கூட்டாளி, பழைய வழி, கூலி வாங்கிய கை எல்லாம் திரும்பிவிடுகின்றன. மூளையோ எதையும் மறக்கவில்லை. மது தந்த டோபமைன் சுகத்தை அந்த நேரத்தோடும் இடத்தோடும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறது. கடை போர்டைப் பார்த்தாலே ஏக்கம் கிளம்பும். ஆக, அப்பாவுக்குப் பாசம் குறையவில்லை, நோய் தீரவில்லை. குடிக்காமல் இருக்கும் அந்த நாட்களிலேயே டாக்டரைப் பார்த்தால், பிறகு எழும் ஏக்கத்தைத் தணிக்க மாத்திரையும் ஆலோசனையும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், மதுவை ஈடுகட்டப் பழகிய நரம்புகள் கட்டுக்கடங்காமல் துடிக்கும். முதலில் கைநடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து புத்தி தடுமாறலாம். உயிரே போகக்கூடும். ‘சாமி குத்தம்’ என்று திருநீறு பூசி உட்கார வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பையன்களின் சீட்டு வேறு மாதிரி. “கொடைக்கானல் குளிருக்குக் கொஞ்சம் போட்டா நல்லதுதானே டீச்சர்?” நல்லதில்லை. மது தோலடி ரத்தக்குழாய்களை விரியச் செய்கிறது. தோல் கதகதப்பாகத் தெரியும். ஆனால் உடம்பின் உள்சூடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. போதையில் பனியில் படுத்தவர் விறைத்துப்போவது அதனால்தான்.

அடுத்து கரும்பலகையில் ஒரு கணக்கு. குவார்ட்டர் என்றால் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம்; எடையில் சுமார் 60 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். அப்படியானால் இரவு 11 மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர் காலை 5 மணிக்குக் கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டியை எடுத்தால்? ரத்தத்தில் மது இன்னும் மிச்சமிருக்கக்கூடும். எலுமிச்சை, மோர், கறுப்புக் காபி எதுவும் ஈரலை வேகப்படுத்தாது.

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். மூளை முழுதாக முதிரவே ஏறத்தாழ 25 வயதாகிறது. ‘ஒரு தடவைதானே’ என்று தொடங்குபவர்களில் யாரைக் குடிநோய் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. 2019-ல் வெளியான எய்ம்ஸின் தேசிய ஆய்வு, குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் நாட்டில் 5.7 கோடிக்கும் மேல் என்றது. அத்தனை பேரும் ஒரு ‘ஒரு தடவை’யில்தான் தொடங்கினார்கள்.

அந்த 5.7 கோடியில் குடிப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகள் சேர்த்தி இல்லை. வாசலில் செருப்புச் சத்தத்தின் தடுமாற்றத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தம்பியைத் தூங்க வைப்பது, அம்மாவின் கூலியை அரிசிப் பானைக்குள் ஒளிப்பது, கேட்பவர்களிடம் “அப்பாவுக்குக் காய்ச்சல்” என்பது எல்லாம் மூத்த மகளின் வேலை. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று அவளை நிறுத்திவைப்பதற்கு முன் ஆசிரியர்கள் ஒரு வார்த்தை தனியாகக் கேட்கலாம்.

குடி குடும்பத்தின் நோய் என்பதை அனுபவத்தில் அறிந்தவர் சாந்தி ரங்கநாதன். குடிக்குக் கணவரை இளம் வயதிலேயே பறிகொடுத்த அவர், 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே குடிநோயாளியோடு குடும்பத்தினருக்கும் சேர்த்தே சிகிச்சை. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

பிள்ளைகளே, அப்பா குடிப்பதற்கு நீங்கள் காரணமல்ல. உங்கள் மார்க்கோ சண்டையோ அழுகையோ அவரைக் குடிக்க வைக்கவில்லை. நிறுத்த வைப்பதும் உங்கள் பொறுப்பல்ல. போதையில் இருப்பவரிடம் வாதாடாதீர்கள். அவர் ஓட்டும் வண்டியில் ஏறாதீர்கள். அடி விழும் என்று தெரிந்தால் தம்பி தங்கையோடு நம்பிக்கையான வீட்டுக்குப் போய்விடுங்கள். சொல்ல வேண்டியதைக் காலையில், தெளிந்த பிறகு சொல்லுங்கள்.

குடியை நிறுத்த வழி கேட்க 14446, மனம் தாங்காதபோது பேச 14416, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. மூன்றுக்கும் காசு இல்லை. வீட்டு மானம் போய்விடும் என்று தயங்காதீர்கள். நோய்க்கு உதவி கேட்பதில் எந்த மானமும் போகாது.