சாடு நாட்டு நாய்களில் நரம்புச் சிலந்தி

மனிதரின் தோலுக்கடியில் வளர்ந்து கொப்புளம் வழியே வெளிவரும் நரம்புச் சிலந்திப் புழு, ஆப்பிரிக்காவின் சாடு நாட்டில் பத்தாண்டுகள் தென்படாதிருந்து 2010-இல் மீண்டும் தோன்றியதும், 2012 முதல் நாய்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டதும், நாயைத் தாக்குவது வேறோர் இனமோ என்ற ஐயத்தை எழுப்பின. இரு தரப்புப் புழுக்களின் மரபணுத் தொகுதியை, அதாவது உயிரணுவில் பொதிந்துள்ள முழு மரபுச் செய்தியை, ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அவை தனித்தனிக் கிளைகளாகப் பிரியாமல் ஒரே கூட்டமாகக் கலந்திருப்பதைக் கண்டனர். அக்கூட்டத்தின் மரபுப் பன்மை, அதாவது ஒரே இனத்துப் புழுக்களிடையே நிலவும் மரபணு வேறுபாடு, கணிசமானது. எஞ்சிய ஒரு சில புழுக்களின் வழித்தோன்றல்களிடம் இத்தகைய வேறுபாட்டை எதிர்பார்க்க இயலாது என்பதால், மனித நோயாளிகள் தென்படாத காலத்திலும் புழுக்கூட்டம் பெரிதாகவே நீடித்திருக்க வேண்டும் என்ற கவலைக்குரிய முடிவுக்கே இச்சான்று இட்டுச்செல்கிறது. நாய்களின் புழு நீர்வழியே மனிதருக்கும் பரவலாம் என்பதால் அங்கு, புழு வெளிவரும் நாய்கள் நீர்நிலைகளை அணுகாதவாறு கட்டிவைக்கப்படுகின்றன. தொற்றைத் தடுக்க, நாய்கள் தின்னக்கூடிய மீன்குடல்களும் மண்ணில் புதைக்கப்படுகின்றன.