அடிமைப் பெண் கேட்ட நியாயம்

எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள்! 1776-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி அமெரிக்கா இப்படி உலகமறிய முழங்கியது. ஆனால், அந்தப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்ஸனின் பண்ணையிலேயே அடிமைகள் உழைத்துக் கொண்டிருந்தார்கள். அவருடைய ஆயுளில் அவருக்குச் சொந்தமாயிருந்த அடிமைகள் 600 பேருக்கும் அதிகம்!

சொல் ஒன்று, செயல் ஒன்று. இந்த முரண்பாட்டைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அடிமைப் பெண். அவள் பெயர் பெட்.

சூடுபட்ட கை

மசாசூசெட்ஸ் ராஜ்யத்தில் ஷெபீல்டு என்று ஓர் ஊர். அங்கே பெரும் செல்வந்தரான கர்னல் ஜான் ஆஷ்லியின் வீட்டில் பெட் அடிமையாக இருந்தாள். 1773-ல் ஊர்ப் பிரமுகர்கள் அந்த வீட்டில் கூடி, பிரிட்டிஷ் ஆட்சியைக் கண்டித்துத் தீர்மானம் தயாரித்தார்கள். இயற்கையில் மனிதர் யாவரும் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்றது அத்தீர்மானம். அடுக்களையில் இருந்தவள் காதில் அந்தப் பேச்சு விழாமலா இருக்கும்?

எஜமானியோ மகா கோபக்காரி. ஒரு நாள், அடுப்புத் தணல் அள்ளும் இரும்புக் கரண்டியை லிஸ்ஸி என்ற இன்னொரு அடிமைப் பெண்மீது ஓங்கினாள். பெட் குறுக்கே பாய்ந்தாள். அடி அவள் கையில் விழுந்தது. அந்தக் காயத்தை அவள் மூடி மறைக்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், எஜமானியையே கேட்கச் சொல்லுவாளாம்!

ஜூரிகளின் தீர்ப்பு

1780-ல் மசாசூசெட்ஸுக்குப் புதிய அரசியல் சட்டம் வந்தது. அனைவரும் பிறப்பிலேயே சுதந்திரமானவர்கள், சமமானவர்கள் என்று அதன் முதல் ஷரத்து கூறியது. பெட் வக்கீல் தியோடர் செட்ஜ்விக்கிடம் போனாள். அந்தச் சட்டம் தனக்கும் பொருந்தாதா என்பதே அவள் கேள்வி. ஆஷ்லி வீட்டுத் தீர்மானத்தை வரைந்த குழுவில் இருந்தவர் அதே செட்ஜ்விக்! அவர் மறுக்கவில்லை, வழக்கை ஏற்றார். ஆஷ்லியிடம் அடிமையாயிருந்த பிராம் என்பவனும் வழக்கில் சேர்ந்தான்.

1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் கோர்ட்டில் விசாரணை நடந்தது. இருவரும் அடிமைகள் அல்ல என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். நஷ்ட ஈடு 30 ஷில்லிங்!

கூலி தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி அழைத்தார். அவள் போகவில்லை. எலிஸபெத் பிரீமன் என்று பெயர் சூட்டிக் கொண்டாள். பிரீமன் என்றால் சுதந்திர மனிதர். செட்ஜ்விக் குடும்பத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, சொந்த வீடும் வாங்கினாள். 1829-ல் இறந்தபோது அந்தக் குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு நடுவிலேயே அவளை அடக்கம் செய்தார்கள்.

1790-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கில் மசாசூசெட்ஸில் ஓர் அடிமைகூடப் பதிவாகவில்லை. ஆனால் நாடு முழுவதிலும் சுமார் 7 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அவர்களுடைய சந்ததிக்கு விடுதலை கிடைக்க, உள்நாட்டு யுத்தம் மூண்டு ஓய்ந்து 1865 பிறக்க வேண்டியிருந்தது.

2022-ல் ஷெபீல்டு ஊரார் அவளுக்குச் சிலை வைத்தார்கள். உயர்ந்த வாசகங்களை எழுதியவர்கள் பெரியோர்கள்தாம். அவற்றை மெய்யாக்கியவர்களோ, அதில் தங்களுக்கும் பங்கு உண்டென்று துணிந்து கேட்டவர்கள்!