அவளை ஏன் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டும்?

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

நமது மருத்துவமனைக்குத் தாய்மார் அழைத்து வரும் பெண்பிள்ளைகளில் சிலருக்கு வயிற்றுவலி, தலைவலி, மயக்கம். இரத்தம் சோதித்தாலும் ஸ்கேன் எடுத்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வலி இராது. திங்கட்கிழமை காலையில் வந்துவிடும். அனுபவமுள்ள செவிலியர் தாயைச் சற்று வெளியே உட்காரவைத்துவிட்டுப் பிள்ளையிடம் தனியே பேசுவார். பஸ் நிறுத்தத்தில் வழிமறிப்பவன், நெரிசலில் கை வைப்பவன், சில வேளை வீட்டுக்கே வந்துபோகும் உறவினன் என்று மெல்ல வெளியே வரும்.

"வீட்டில் ஏன் சொல்லவில்லை, அம்மா?" என்று கேட்டால், "சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்பார்கள். அந்தப் பயம் வீணானதல்ல. தகப்பன் கெட்டவர் அல்ல, பயந்தவர். ஊர் பேசுமே என்று மகளை வீட்டில் இருத்தி, வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். தொல்லை கொடுத்தவன் மறுநாளும் அதே நிறுத்தத்தில் நிற்கிறான்.

2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தை நாம் பிரசங்கத்துக்கு அதிகம் எடுப்பதில்லை. அங்கே தாமாரை அவள் அண்ணனே மவுனமாயிருக்கச் சொல்கிறான். தகப்பனாகிய தாவீது கோபப்படுகிறார். அம்னோனை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குள் அடைபட்டவள் தாமார்தான்.

ஆகவே பிள்ளை வாய்திறந்தவுடன் பெற்றோர் சொல்லவேண்டிய முதல் வார்த்தை, "உன் படிப்பு நிற்காது" என்பதே. இந்த உறுதி இருந்தால், தொல்லை கேலியாகவும் பின்தொடர்தலாகவும் இருக்கும்போதே சொல்லிவிடுவாள். அப்போது தடுப்பது எளிது.

"போலீஸ் நிலையத்துக்கு அலைய வேண்டுமே" என்பது அடுத்த பயம். 18 வயதுக்குட்பட்டோருக்கான 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளை இருக்கும் இடத்துக்கே சீருடையில்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை அவர் பெண் அதிகாரியாய் இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரோ படமோ பத்திரிகையில் வரக்கூடாது. பெண்பிள்ளையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். போலீஸ் கடிதம் வரட்டும் என்று எந்த மருத்துவமனையும் அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது. குற்றம் நடந்ததை அறிந்தவர், போதகரானாலும், தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. 1098 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

சபையிலும் வேலை உண்டு. ஒரே தெருப் பிள்ளைகளைச் சேர்ந்து போகச் செய்யலாம். மாலையில் பஸ் வரும் நேரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இருவர் நிறுத்தத்தில் நின்றாலே போதும், பாதிப்பேர் கலைந்துவிடுவார்கள். ஆனால் பெண்பிள்ளைகளுக்கு "ஜாக்கிரதை" சொல்ல எல்லாரும் முன்வருகிறோம். பையன்களிடம் பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஓய்வுநாள் பள்ளியில் மூத்த பையன்களின் வகுப்பை மதிப்புள்ள ஆண்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி, இப்பிள்ளைகளிடம் பேசும் தனி அறைக்கும், சமூகப்பணியாளர் அவர்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வரும் செலவுக்கும் உதவுகிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டபின் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. அதற்கு முன்னே அவர் போய்ச் சேர வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளிகள் திறக்குமுன் உங்கள் சபையில் பெற்றோரிடம் பேச அழைப்பீர்களானால், செவிலியர் ஒருவரோடு நான் வருவேன். ஒரு கடிதம் எழுதுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்