நோயுற்ற பவளம் நலம் பெறுவது எப்படி?

கடலே கண்ணில் படாத கரிசல் பூமியில் இருந்துகொண்டு பவளத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நண்பர்கள் சிலர் வினவலாம். பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படுவதை நாம் அறிவோம். அக்கல்லின் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட். பந்தல்குடி வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை தூத்துக்குடியில் கடலைத் தொடுகிறது. அக்கடலில், இதே பொருளை நீரிலிருந்து சேர்த்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் சிற்றுயிர் ஒன்று வாழ்கிறது. அதுவே பாறை கட்டும் பவள உயிரி. அது நோயுறுவதும் நலம் பெறுவதும் எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

பவளம் என்பது யாது?

பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று, அது ஒரு விலங்கு. வாயைச் சுற்றிச் சிறு கைகளை உடைய சிற்றுயிர்கள் பல ஒன்றுகூடி, சுண்ணாம்புக் கூட்டின்மேல் மெல்லிய தோல்போல் படர்ந்து வாழ்கின்றன. அவற்றின் திசுக்களுக்குள் ஒரு செல் பாசிகள் குடியிருக்கின்றன. இப்பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்திற்குத் தருகின்றன. குடியிருப்பவரே வீட்டுக்காரருக்குச் சோறு போடும் விந்தை இது! பவளத்தின் பழுப்பு நிறமும் பெரும்பாலும் இப்பாசியால் வருவதே.

வெளிறுதல்

வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி மிகுந்து, அந்நிலை சில வாரங்கள் நீடித்தால் இந்த உறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. கண்ணாடிபோன்ற தோலின் வழியே வெண்ணிறக் கூடு தெரிகிறது. இதுவே வெளிறுதல். வெளிறிய பவளம் இறந்த பவளம் அன்று. பட்டினி கிடக்கும் பவளம். வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும். தணியாவிடில் பவளம் மடியும். அதன் கூட்டின்மேல் வேறு பாசிகள் படரும்.

தொட்டியில் மருத்துவம்

மேலை நாடுகளில் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்போர் பலர். அவர்கள் நோயுற்ற பவளத்திற்கு முதலில் மருந்து தேடுவதில்லை, நீரைச் சோதிக்கிறார்கள். வெப்பம் ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ், உப்பு கிலோவுக்கு 35 கிராம், கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் என்பன பொதுவான அளவுகள். தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுவதால், குறைந்த அளவுக்கு நன்னீரே ஊற்ற வேண்டும். நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் கடல்நீர் ஆகிவிடாது என்பதையும் நினைவில் கொள்க.

வெளிறிய பவளத்தை ஒளி குறைந்த இடத்திற்கு மாற்றி, மிதமான நீரோட்டம் தருவர். நுண்ணுணவைச் சிறிதளவே ஊட்டுவர். திசு உரிந்து பரவினால், நலமுள்ள கிளையை வெட்டி வேறொரு கல்லில் ஒட்டுவர். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் அந்த அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடும். ஆகவே பொறுமையே இம்மருத்துவத்தின் பாதி.

கடலில் மருத்துவம்

நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். இதற்குத் தக்க காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்பு சுடவும் கட்டடம் கட்டவும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததனால் அலையைத் தடுக்கும் அரண் சிதைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடும் வெப்பத்தில் எஞ்சிய பவளங்களிலும் பல மடிந்தன.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவள மறுநடவு செய்து வருகின்றனர். நலமுள்ள பவளத்தின் சிறு கிளைகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி, கடலடியில் நிறுத்திய கான்கிரீட் சட்டங்களின்மேல் வைக்கின்றனர். கிளை பலகையைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. தொட்டியில் ஒட்டும் முறையே இங்குக் கடலில் பயன்படுகிறது. சிமெண்டாகும் சுண்ணாம்புக்கல் பவளத்திற்கு ஊன்றுகோலாவது மகிழ்ச்சி தருவதன்றோ!

ஆனால் தொட்டியின் வெப்பத்தைக் குறைப்பதுபோல் கடலின் வெப்பத்தைக் குறைக்க எந்தக் கருவியும் இல்லை. கடலோரம் சுற்றுலா செல்லும் மாணவ நண்பர்கள், அழகுக்காகப் பவளத் துண்டுகளை வாங்காமலும் எடுத்து வராமலும் இருப்பார்களாக. நாம் வாங்காவிடில், கடலில் வெட்டுவோரும் குறைவர்.