பாரம் தூக்கும் கருவிகள்: பழுதின் அறிகுறிகள்

நூல் சிப்பங்களை மாடிக்கு ஏற்றவும், 170 கிலோ எடையுள்ள பஞ்சுப் பொதியை வண்டியினின்று இறக்கவும், கிணற்று மோட்டாரை மேலே எடுக்கவும் கைச் சங்கிலிக் கப்பி பெரிதும் உதவுகிறது. ‘செயின் பிளாக்’ என்று வழக்கில் கூறுவது இதனையே. இக்கருவி முறிந்து பாரம் விழும்போது ‘திடீரென்று அறுந்துவிட்டது’ என்கிறோம். ஆயினும் பெரும்பாலும் அது பல நாள் முன்பே தன் பழுதைக் காட்டியிருக்கும். அவ்வறிகுறிகளை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் கொக்கியைக் கவனிக்க வேண்டும். அளவுக்கு மீறிய பாரம் ஏற்றினால் கொக்கியின் வாய் அகலும். ஆகையால் புதிதாக வாங்கியபோதே வாயின் அகலத்தை அளந்து எழுதி வைத்தல் வேண்டும். 40 மில்லிமீட்டராக இருந்தது 42ஐத் தாண்டினால் அக்கொக்கியை ஒதுக்கிவிட வேண்டும். பக்கவாட்டில் முறுகியிருப்பினும், பாரம் தங்கும் இடத்தில் பருமன் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருப்பினும் அவ்வாறே செய்க. நுண்ணிய வெடிப்பை அறிய ஓர் எளிய வழி உண்டு. கொக்கியை மண்ணெண்ணெயில் நனைத்துச் சற்று நேரம் கழித்து நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசினால், வெடிப்பில் தங்கிய எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். ஆனால் கோடு தோன்றாமையால் மட்டும் கொக்கி பழுதற்றது எனத் துணிதல் ஆகாது.

அடுத்தது பாரச் சங்கிலி. வளையங்கள் ஒன்றோடொன்று உராயும் உட்பக்கமே முதலில் தேய்கிறது. எனவே சங்கிலியைத் தளர்த்தி, ஒவ்வொரு வளையத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பத்து வளையங்களின் நீளத்தைப் புதிதில் குறித்து வைத்தால், பின்னர் அது நீண்டிருப்பதை ஒப்பிட்டு அறியலாம். நீண்ட சங்கிலி சக்கரத்தின் பள்ளங்களில் பொருந்தாமல் தாவும்.

மூன்றாவது தடுப்பு. பாரத்தை உயர்த்தும்போது கேட்கும் ‘டக், டக்’ என்னும் ஒலி, பாரம் திரும்பி இறங்காமல் பற்றும் தாழ்நாக்கின் ஒலியாகும். அது நின்றால் வேலையையும் நிறுத்துக. ஒவ்வொரு முறையும் பாரத்தை நான்கு விரற்கடை உயர்த்திக் கையை எடுத்துப் பார்க்க வேண்டும். சிறிதேனும் தானே இறங்கினால் தடுப்பு பழுதடைந்துள்ளது. ஒருவர் இழுக்க வேண்டிய கைச் சங்கிலியை இருவர் தொங்கி இழுக்க நேர்ந்தால், பாரம் மிகுதி அல்லது உள்ளே பழுது உள்ளது என்று கொள்க.

கட்டும் கயிற்றின் புரிகளைப் பிரிக்கும்போது உள்ளே தூள் உதிர்ந்தாலும், கம்பி வடத்தில் இழைகள் முறிந்து துருத்தியிருந்தாலும் அவற்றைக் கழித்துவிட வேண்டும்.

வளைந்த கொக்கியைக் காய்ச்சித் தட்டி நிமிர்த்துவதும், அறுந்த வளையத்தைப் பற்றவைப்பதும் பெருந்தவறு. காய்ச்சினால் எஃகின் பதம் கெடும். அன்றியும், நிமிர்த்திய கொக்கியில் எச்சரிக்கை தரும் அடையாளமும் அழிந்துவிடுகிறது. அடுத்தவர் அதனை நல்லதென்று நம்பிப் பாரம் ஏற்றுவார்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இத்தகைய கருவிகளைத் தகுதியுள்ளவர் 12 மாதத்திற்கு ஒரு முறையேனும் முற்றும் சோதிக்க வேண்டுமென விதித்தது. அச்சோதனை இன்றும் இன்றியமையாதது. ஆயினும் ஆண்டுச் சோதனை அன்றாடப் பார்வைக்கு ஈடாகாது.

சங்கத்துக் கருவி பலர் கைமாறுவது. ஒருவர் தம் கிணற்றில் சிக்கிய மோட்டாரை அளவுக்கு மீறி இழுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தால், மறுநாள் அதனைக் கொண்டு செல்பவர் தம் உயிரையே அதனிடம் ஒப்படைக்கிறார். ஆதலின் கிடங்கில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எடுத்தவர், தூக்கிய பாரம், கண்ட பழுது ஆகியவற்றை அதில் எழுதுக. உண்மையைச் சொன்னவருக்கு அபராதம் விதித்தால் அடுத்தவர் சொல்லார். புதுக் கொக்கியின் விலையைச் சங்கம் ஏற்றுக்கொள்வதே முறை.