கடைத்திருட்டும் கண்காணிப்புக் கேமராவும்

கடையிலிருந்து ஐந்து ஷில்லிங்கோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள சரக்கை யாரும் அறியாமல் எடுத்துச் செல்பவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கலாம் என்று 1699ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் அது அமலில் இருந்தும் லண்டன் கடைகளில் துணிமணிகள் களவு போவது நிற்கவில்லை. தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற எண்ணம் ஒருவனுக்கு உண்டாகிவிட்டால், அதற்கு முன்னால் தூக்குமேடையின் பயமும் தோற்றுப்போயிற்று. தண்டனையின் கொடுமையைக் காட்டிலும், அது தப்பாமல் வரும் என்ற நிச்சயமே குற்றத்தைத் தடுக்க வல்லது என்று இத்தாலிய அறிஞர் சேஸரே பெக்காரியா 1764இல் எழுதினார். இன்று பெரிய கடைகளில் நம் தலைக்கு மேல் தொங்கும் கண்காணிப்புக் கேமராவின் தத்துவம் முழுவதும் அந்த ஒரு கருத்தில் அடங்கியிருக்கிறது.

பழைய வியாபார முறையில் சரக்கு அலமாரியில் இருந்தது; கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால்தான் வாடிக்கையாளரின் கைக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பாரிஸ் நகரத்து ‘போன் மார்ஷே’ கடையை விஸ்தரித்த அரிஸ்தித் பூசிக்கோ, விலையை எழுதி ஒட்டி, வாங்குகிறவர் வாங்காதவர் என்ற பேதமின்றி எல்லாரும் உள்ளே வந்து சரக்கைத் தொட்டுப் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டைச் செய்தபோது, ஜனங்களுக்கு ஒரு புதிய சுதந்திரம் கிடைத்தது. அந்தச் சுதந்திரத்தைத் திருடர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். இத்தகைய கடைகளுக்கென்றே, 1967இல் பிரிட்டனில் ஒரு நிறுவனம் தொலைக்காட்சிக் கேமராக்களை விற்க ஆரம்பித்தது.

நம் ஊரில் இந்த விஷயம் எப்படி நடக்கிறது என்பதை, தியாகராய நகரில் தீபாவளிச் சமயத்துப் பட்டுப் புடவைக் கவுண்டர் ஒன்றை மனத்தில் கொண்டு பார்க்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து வருகிறார்கள். முகூர்த்தப் புடவை வேண்டும் என்கிறார்கள். விற்பனையாளர் ஒன்றன்மேல் ஒன்றாக இருபது முப்பது புடவைகளைப் பிரித்துப் போட்டபின், ஒருவர் மேல்தட்டில் இருக்கும் அரக்கு நிறத்தைக் கேட்க, மற்றொருவர் விலையைப் பற்றி வாதிக்க, அவர் திரும்பி நின்ற அந்த ஒரு க்ஷணத்தில் குவியலின் அடியிலிருந்து ஒரு புடவை கட்டைப்பைக்குள் போய்விடுகிறது. கடைக்கோ அந்த நஷ்டம், இரவு கணக்குப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. அநேக இடங்களில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் அந்த விற்பனையாளரே.

இங்கேதான் கேமராவின் பிரயோஜனம் விளங்குகிறது. ஆனால் அதை உத்தரத்தின் மூலையில் உயரமாக மாட்டிவிட்டால் உச்சந்தலைகள் மட்டும் தெரியும். கவுண்டருக்கு நேர்மேலே, கைகள் தெரியும்படி ஒன்றும், வாசலில் முகம் தெரியும் உயரத்தில் ஒன்றும் இருப்பது அவசியம். அதைவிடவும் முக்கியமாக நான் கருதுவது, நுழைகிறவர் தம் உருவத்தைத் தாமே பார்க்கும்படி வாசலில் வைக்கும் திரை. ஏனென்றால் மறைத்து வைத்த கேமரா திருடியவரைப் பிடிக்க உதவலாமே ஒழிய, திருட நினைப்பவரை நிறுத்தாது. பதிவாகும் படமும் நிரந்தரமன்று. இயந்திரத்தில் இடம் நிறைந்தவுடன் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடுமாதலால், சரக்குக் கணக்கை மாதக் கணக்கில் தள்ளிப்போடும் கடையில், குறைவு தெரியவரும் நாளில் சாட்சியம் அழிந்திருக்கும். உள்ளே கேமராப் படம் ஓடும் திரைக்கு முன்னால் ஆள் இல்லாத கடையில், பழகிய திருடன் சில நாட்களிலேயே அதை அறிந்துகொள்வான்; பிறகு அந்தக் கேமரா சுவரில் மாட்டிய அலங்காரப் பொருள்தான். வந்தவரிடம் உடனே சென்று, “வாங்கம்மா, என்ன பார்க்கறீங்க?” என்று கேட்கும் சிப்பந்திக்கு ஈடான கண்காணிப்பு இன்னும் உண்டாகவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மற்றொரு விஷயத்தை மன வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் பிடிபட்ட பெண்ணின் படத்தை, முகம் தெரியும்படி வாட்ஸ்அப்பில் பரப்பும் பழக்கம் வந்திருக்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதன்முறையாகத் தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையே தண்டனை என்கிறது. சட்டமே இவ்வளவு தயை காட்டும்போது, விசாரணைகூட நடக்காத ஒருவரின் மானத்தை ஊர் முழுவதும் வாங்குவதற்குக் கடைக்காரருக்கு என்ன அதிகாரம்? அதேபோல, உடை மாற்றும் அறையில் கேமரா வைப்பது, எந்தக் காரணம் சொன்னாலும், குற்றம். பெண்கள் உடை மாற்றுவதை ஒளிந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் 2013 முதலே தண்டனைக்குரியவை.

ஆகவே கடை உரிமையாளர்கள், கேமரா இருப்பதை வாசலிலேயே பெரிய எழுத்தில் அறிவித்து, திரைக்கு முன்னால் பொறுப்பான ஓர் ஆளை அமர்த்துங்கள்; காணாமற்போன புடவைக்காக விற்பனையாளரின் சம்பளத்தில் கை வைக்குமுன் பதிவைப் போட்டுப் பாருங்கள்; திருட்டு பதிவாகியிருந்தால், அந்தப் படத்தைக் காவல் நிலையத்தில் மட்டும் ஒப்படையுங்கள்.